பாட்டுக்குப் பட்டா உண்டோ?

மார்கழி மாதத்தில் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் சபைக் கச்சேரிகளைக் கேட்டுவரும் நேயர்கள் ஒரு வழக்கத்தைக் கவனித்திருப்பார்கள். கச்சேரி முடியும் தறுவாயில் பாரதியார் பாட்டொன்றைப் பாடாத வித்துவான்கள் சிலரே. பாடுகிறவர் எவரிடமும் அனுமதி கேட்பதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அப்பாட்டுக்களை எவரும் அச்சிடலாம், ஒலிப்பதிவு செய்யலாம், திரையில் பாடலாம். இது காற்றையும் மழையையும் போலத் தானே வந்த நிலை என்று இன்றைய இளைஞர்களிற் பலர் எண்ணுகிறார்கள். அது அவ்வாறன்று. ஒரு பாரதி பாட்டைப் படத்தில் பாடியதற்காக நியாயஸ்தலத்துக்கு இழுக்கப்பட்ட காலமும் உண்டு. நாட்டு விடுதலைக்குப் பாடியவரின் பாட்டுக்கே விடுதலை வேண்டிக் கிளர்ச்சி செய்ய நேர்ந்த அந்தச் சரித்திரத்தை நினைவூட்டுவதோடு, அதனுள் பொதிந்துள்ள நியாயத்தையும் ஆராய விரும்புகிறோம். பாட்டும் நூலும் மருந்தின் செய்முறையும் யாருடைய சொத்து என்னும் வினா, அன்றைக்கு இருந்ததைவிட இன்றைக்கு நம் வீட்டு வாயிலை அதிகம் நெருங்கி நிற்கிறது.

கதை மயிலாப்பூரில் தொடங்குகிறது. 1907-ஆம் வருஷம் மயிலாப்பூர் வக்கீல் ஸ்ரீ வி. கிருஷ்ணசாமி ஐயர், பாரதியாரின் தேசிய கீதங்கள் சிலவற்றைத் தம் செலவில் சிறு பிரசுரமாக அச்சிட்டு 15,000 பிரதிகள் இலவசமாக வழங்கினார். ஐயரோ மிதவாதி, பாரதியாரோ தீவிரவாதி. கொள்கையில் இருவரும் எதிர் துருவங்கள். இருந்தும் பாட்டைக் கேட்ட மாத்திரத்தில், இது ஜனங்களிடம் போய்ச் சேர வேண்டியது என்று அவ்வக்கீலுக்குத் தோன்றிற்று. சொத்துச் சட்டத்தையே தொழிலாகக் கொண்ட ஒருவர் பாட்டைச் சொத்தாகக் கருதாமல் கொடையாகக் கருதினார் என்பது கவனிக்கத்தக்கது.

பாரதியார் தம் எழுத்தால் பொருளீட்ட விரும்பவில்லை என்று இதனால் எவரும் முடிவு கட்டிவிடலாகாது. 1920-இல் தம் நூல்களை நாற்பது புத்தகங்களாக, ஒவ்வொன்றிலும் பதினாயிரம் பிரதி, ஆக நான்கு லட்சம் பிரதிகள் அச்சிட ஒரு திட்டம் வகுத்து, நண்பர்களிடம் கடன் கேட்டுச் சுற்றறிக்கை விடுத்தார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலத் தம் நூல்கள் வீடுதோறும் செலவாகும் என்று அவர் நம்பினார். கடன் வரவில்லை. 1921 செப்டம்பரில், முப்பத்தொன்பது வயது நிரம்புமுன், திருவல்லிக்கேணியில் காலமானார். மனைவி செல்லம்மாளுக்கும் பெண்கள் இருவருக்கும் அவர் வைத்துப்போன ஆஸ்தி கையெழுத்துப் பிரதிகளே.

அந்த ஆஸ்தி கைமாறிய வரலாறு சுருக்கமாக இது. 1922-இல் செல்லம்மாள் 'பாரதி ஆச்ரமம்' என்ற பெயரில் தாமே பதிப்பிக்கத் தொடங்கினார். அது நெடுநாள் நடக்கவில்லை. பின்னர் பாரதியாரின் தம்பி சி. விசுவநாதன், ஹரிஹர சர்மா, கே. நடராஜன் ஆகிய மூவர் 'பாரதி பிரசுராலயம்' அமைத்துப் பதிப்புரிமையைப் பெற்றனர். ஹரிஹர சர்மா, பிற்காலத்தில் தியாகராய நகரில் நிலைபெற்ற தக்ஷிண பாரத ஹிந்தி பிரசார சபையோடு நெருங்கிய தொடர்புடையவர். 1930-களில் உரிமை முழுவதும் விசுவநாதனிடம் சேர்ந்தது. ஒலிபரப்பு, இசைத்தட்டு முதலிய உரிமைகள் தனியே பிரிந்து, சென்னை நகை வியாபாரி ஒருவர் கைக்குப் போயின. அவரிடமிருந்து அவற்றை வாங்கினார் ஸ்ரீ ஏ. வி. மெய்யப்ப செட்டியார். 1945-இல் சாந்தோமில் ஏ. வி. எம். ஸ்தாபனத்தைத் தொடங்கிய அவர், 1947-இல் வெளியான 'நாம் இருவர்' படத்தில் பாரதி பாட்டுக்களைச் சேர்த்தார். பட்டம்மாள் பாடிய அப்பாட்டுக்கள் பட்டி தொட்டியெல்லாம் ஒலித்தன. சொந்தக் குடும்பம் விற்ற காலத்தில் பேசும் படம் பிறக்கவே இல்லை, அல்லது தவழ்ந்துகொண்டிருந்தது. விற்றவர்கள் தாம் விற்பது இன்னதென்று அறியார். வாங்கியவர்களும் முதலில் அறியார்.

1948-இல் டி. கே. எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாட்டு இடம்பெற்றது. ஏ. வி. எம். ஸ்தாபனம் தன் உரிமையைக் காட்டி வழக்குத் தொடுத்தது. நாடெங்கும் கொதிப்பு எழுந்தது. முந்திய அக்டோபரில்தான் எட்டயபுரத்தில் மணிமண்டபம் திறக்கப்பட்டிருந்தது. மண்டபத்துக்குக் காலணாவும் அரையணாவும் கொடுத்த ஜனங்களுக்கு, பாட்டு மட்டும் ஒரு கம்பெனியின் சொத்து என்ற செய்தி எப்படி இருந்திருக்கும்! பாரதி விடுதலைக் கழகம் தோன்றிற்று. வ. ரா., நாரண துரைக்கண்ணன், திருலோக சீதாராம் முதலிய எழுத்தாளர்கள் முன்னின்றார்கள். தூதுக்குழுவொன்று திருநெல்வேலி சென்று செல்லம்மாளைக் கண்டு அவருடைய சம்மதத்தைப் பெற்று வந்தது.

செட்டியாரை அக்காலத்தில் ஏசாதார் இல்லை. நாம் அந்த ஏச்சில் சேரமாட்டோம். அவர் திருடவில்லை, கிரயம் கொடுத்து வாங்கினார். சட்டம் அவர் பக்கம் நின்றது. குறை வாங்கினவனிடம் இல்லை, இன்னதைத்தான் விற்கலாம் என்று வரையறுத்த சட்டத்தில் இருந்தது. அச்சட்டத்தைச் சற்றே பிரித்துப் பார்ப்போம்.

அப்போது அமலில் இருந்தது 1914-ஆம் வருஷத்து இந்தியப் பதிப்புரிமைச் சட்டம். 1911-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு செய்ததை அப்படியே இங்கே கொணர்ந்து நட்டதுதான் அது. ஆசிரியரின் ஆயுளும் அதற்குமேல் ஐம்பது வருஷமும் உரிமை உண்டு என்பது அதன் விதி. ஆகவே பாரதி பாட்டுக்கள் 1971 முடியத் தனிச்சொத்தாகவே இருந்திருக்கும். அச்சட்டத்தில் இரண்டு இரக்கக் கதவுகள் இருந்தன. ஆசிரியர் தம் உரிமையை எழுதிக் கொடுத்திருந்தாலும், அவர் இறந்து இருபத்தைந்து வருஷம் கழிந்ததும் அது வாரிசுகளுக்குத் திரும்பும் என்பது ஒன்று. ஆனால் அது ஆசிரியரே எழுதிக் கொடுத்ததற்குத்தான் பொருந்தும். பாரதியார் எழுதிக் கொடுக்கவில்லை. அவருடைய விதவை எழுதிக் கொடுத்தார். எனவே அக்கதவு திறக்கவில்லை. ஆசிரியர் இறந்து இருபத்தைந்து வருஷத்துக்குப் பின், பழைய நூலாயின் முப்பது வருஷத்துக்குப் பின், அறிவிப்புக் கொடுத்து விலையில் நூற்றுக்குப் பத்து ராயல்டி செலுத்தி எவரும் நூலை வெளியிடலாம் என்பது மற்றொன்று. அது அச்சிட்டு விற்போரை மனத்திற்கொண்டு வகுத்த வழி. திரையில் பாடுவோரைப் பற்றி 1911-இல் யார் சிந்தித்தார்கள்?

இனி அடிப்படைக்கு வருவோம். ஒருவன் தன் கையுழைப்பைக் கலந்த பொருள் அவனுடையது என்றார் ஆங்கிலத் தத்துவஞானி லாக். ஒருவனுடைய படைப்பு அவனுடைய ஆளுமையின் வெளித்தோற்றம். ஆகவே அதன்மேல் அவனுக்குப் பாத்தியதை உண்டென்று ஜெர்மானிய ஹெகல் வழியினர் கூறுவர். பெந்தாம் வழியினர் இவ்விரண்டையும் ஒதுக்கி, ஜனங்களுக்கு நன்மை விளைகிறதா என்பதே கேள்வி என்பர். இம்மூன்றையும் பாரதியாரின் வழக்கில் வைத்துப் பாருங்கள். உழைத்தவர் இறந்துவிட்டார். ஆளுமை அவருடையது, நகை வியாபாரியினுடையதோ படமுதலாளியினுடையதோ அன்று. பொது நன்மையோ பாட்டு பரவுவதிலேயே இருக்கிறது. ஆக, எந்தத் தத்துவத்தின்படி பார்த்தாலும், மூன்றாவது நான்காவது கைக்குப் போன உரிமையை ஐம்பது வருஷம் காப்பாற்றுவதற்கு அறத்தின் துணை மெலிந்தே காணப்படுகிறது. அதைத் தாங்கி நின்றது ஒப்பந்தத்தின் புனிதம் என்ற வியாபார நியாயம் ஒன்றே. அதுவும் நியாயந்தான், முழு நியாயம் அன்று.

நம்மவருக்குப் பிடிக்காத ஒரு பெயரை இங்கே சொல்லியாக வேண்டியிருக்கிறது. நமது கல்வியைக் கெடுத்தவர் என்று நாம் மேடைதோறும் கண்டிக்கும் மெக்காலே, 1841-இல் காமன்ஸ் சபையில் பதிப்புரிமைக் காலத்தை நீட்டும் மசோதாவை எதிர்த்துப் பேசினார். பதிப்புரிமை என்பது எழுத்தாளருக்குச் சன்மானம் கொடுப்பதற்காக வாசகர்மீது விதிக்கும் வரி என்பது அவருடைய வாதம். வரி அவசியமானால் விதிக்கலாம், ஆனால் சன்மானம் சேரவேண்டியவருக்குச் சேராதபோது அவ்வரியை ஏன் நீட்ட வேண்டும் என்று கேட்டார். அதற்கு உதாரணமாக அவர் காட்டியது மகாகவி மில்டனின் பேத்தியை. மில்டனின் நூலுரிமையை வைத்துக்கொண்டு ஒரு புத்தக வியாபாரி நியாயஸ்தலத்தில் தடையுத்தரவு பெற்று வாழ்ந்த அதே காலத்தில், மில்டனின் பேத்தி வறுமையில் வாடி, அவளுக்காக உதவி நாடகம் நடத்த வேண்டியிருந்தது. பெயர்களை மாற்றினால் இது நம் ஊர்க் கதை அன்றோ? தீமை சொன்ன வாயிலிருந்து நன்மை வந்தால் அதையும் எடுத்துக்கொள்வோம்.

வயலையும் பாட்டையும் ஒரே தராசில் நிறுப்பதே குழப்பத்தின் வேர். ஒரு காணி நிலத்தை நான் உழுதால் நீங்கள் உழ முடியாது. ஆகவே நிலத்துக்குப் பட்டா வேண்டும், வேலி வேண்டும். நான் பாடும் பாட்டை நீங்களும் பாடினால் என் பாட்டு குறைவதில்லை. அதற்குப் போடும் வேலி இயற்கையில் இல்லாத வேலி; ஒரு நோக்கத்துக்காக ராஜ்யம் போட்டுக் கொடுப்பது. நோக்கம் நிறைவேறியதும், அல்லது நிறைவேறாது என்று தெரிந்ததும், அதைப் பிடுங்க ராஜ்யத்துக்கு அதிகாரம் உண்டு. இங்கிலாந்திலும் 1710-ஆம் வருஷச் சட்டம் புது நூலுக்குப் பதினான்கு வருஷமும், ஆசிரியர் உயிரோடிருந்தால் மேலும் பதினான்கு வருஷமுமே கொடுத்தது. அது சாசுவத உரிமை அன்று என்று 1774-இல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொல்லிற்று.

அறிவால் வந்த பொருள் யாருடையது என்ற வினா நம் தர்மசாஸ்திரத்துக்கும் புதிதன்று. குடும்பச் செலவில் கற்ற வித்தையால் ஒருவன் சம்பாதித்தது குடும்பச் சொத்தா, அவன் தனிச்சொத்தா என்று சென்னை நியாயஸ்தலங்கள் பல்லாண்டுகள் வாதித்தன. வக்கீல் திலகமான வி. பாஷ்யம் ஐயங்கார் அதைத் தனிச்சொத்தாக்க ஒரு மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. 1930-இல்தான் ஹிந்துக்களின் வித்யார்ஜிதச் சட்டம் நிறைவேறிற்று. அங்கே கேள்வி தனிமனிதனுக்கும் குடும்பத்துக்கும் இடையே. பாரதியார் விஷயத்தில் குடும்பம் என்பது தமிழ் ஜனங்கள் எல்லோருமாக விரிந்துவிட்டது.

முடிவு யாவருக்கும் திருப்தியாக அமைந்தது. 1949 மார்ச் மாதத்தில், ஓமந்தூர் ஸ்ரீ ராமசாமி ரெட்டியாரின் மந்திரிசபையில் கல்வி மந்திரியாயிருந்த ஸ்ரீ தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார், பாரதியார் நூலுரிமையைச் சர்க்கார் ஏற்றுக்கொண்டதாகச் சட்டசபையில் அறிவித்தார். செல்லம்மாளுக்கும் இரு பெண்களுக்கும் தலைக்கு 5,000 ரூபாய் வழங்கப்பட்டது. விசுவநாதனிடமிருந்த உரிமையும் சர்க்காரிடம் வந்தது. மெய்யப்ப செட்டியார் தம் உரிமையைக் காலணாவும் வாங்காமல் ஒப்படைத்தார். பறிமுதல் இல்லை, பலாத்காரம் இல்லை. வாரிசுகளுக்குப் பொருள் கிடைத்தது. வியாபாரி தம் மதிப்பை மீட்டுக்கொண்டார். ஜனங்கள் பாட்டைப் பெற்றார்கள்.

ஆனால் பலரும் கவனியாத ஓர் ஆபத்து இதில் ஒளிந்திருந்தது. உரிமை ஜனங்களுக்கா வந்தது? சர்க்காருக்கல்லவா வந்தது! 1928-ஐ நினைத்துப் பாருங்கள். பர்மா சர்க்காரைப் பின்பற்றிச் சென்னை சர்க்காரும் பாரதி நூல்களைத் தடைசெய்து, பிரதிகளைக் கைப்பற்றிற்று. சட்டசபையில் ஸ்ரீ சத்தியமூர்த்தி எழுந்து முழங்க நேர்ந்தது. அந்நிய சர்க்காருக்குத் தடையுத்தரவு போட வேண்டியிருந்தது. சொந்தக்காரராகிவிட்ட சர்க்காருக்கோ தடையுத்தரவே தேவையில்லை. அச்சிடாமல் இருந்தாலே போதும். சுதேச சர்க்கார் அப்படிச் செய்யாது என்று நம்புவது பக்தி. அப்படிச் செய்ய முடியாதபடி ஏற்பாடு செய்வதுதான் அரசியல். இதை உணர்ந்தோ உணராமலோ, சர்க்கார் சரியான காரியத்தையே செய்தது. 1954-இல் சட்டசபையில் அறிவித்து, 1955-இல் உத்தரவிட்டு, எவரும் வெளியிடலாம் என்று உரிமையைப் பொதுவில் விட்டுவிட்டது. பாரதியாரின் உண்மையான விடுதலை 1949-இல் அன்று, 1955-இல் என்பது நமது அபிப்பிராயம்.

வங்காளத்தோடு ஒப்பிட்டால் நம் பெருமை விளங்கும். கவி ரவீந்திரர் 1941-இல் மறைந்தார். 1957-ஆம் வருஷத்துச் சட்டப்படி அவர் நூலுரிமை 1991-உடன் முடிய வேண்டியது. விசுவபாரதியின் வருமானத்தை முன்னிட்டு, பாரத சர்க்கார் 1992-இல் சட்டத்தையே திருத்தி, ஐம்பதை அறுபது வருஷமாக்கிற்று. ஒரு கவிக்காக நாடு முழுவதிலும் உள்ள எல்லா வாசகர் மீதும் மெக்காலே சொன்ன வரி பத்து வருஷம் நீண்டது. வங்காளம் தன் கவிக்கு வேலியை உயர்த்திய இடத்தில் தமிழ்நாடு வேலியைப் பிடுங்கிற்று. அந்த நீட்டிப்பு இன்றும் நம்முடைய ஒவ்வொரு எழுத்தாளரின் நூலுக்கும் பொருந்தி நிற்கிறது.

விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்திட்ட செல்லம்மாளின் துயரத்துக்குப் பரிகாரம் வெகு காலம் கழித்தே வந்தது. 1977-இல் சுப்ரீம் கோர்ட்டு, படத்துக்குக் கூலி வாங்கி இசையமைத்தவருக்கு அப்படப் பாட்டில் தனி உரிமை இல்லையென்று தீர்ப்பளித்தது. கோடம்பாக்கத்துப் பாடலாசிரியர்களும் இசைவாணர்களும் முப்பத்தைந்து வருஷம் அந்நிலையிலேயே இருந்தார்கள். 2012-ஆம் வருஷத்துத் திருத்தம் அதை மாற்றிற்று. திரையரங்கில் படத்தோடு காட்டுவது நீங்கலாக, மற்றப் பயன்களில் வரும் ராயல்டியில் சமபங்கை ஆசிரியர் விற்கவும் முடியாது, விட்டுக்கொடுக்கவும் முடியாது. பசித்தவன் எதை விற்றாலும் விற்கட்டும், இதை விற்க முடியாது என்று சட்டம் சொல்லிவிட்டது. ஒப்பந்த சுதந்திரத்துக்கு இது குறைவு என்று சில வியாபாரிகள் முறையிடுகிறார்கள். பசித்தவனும் பணக்காரனும் செய்யும் ஒப்பந்தத்தில் சுதந்திரம் எத்தனை பங்கு இருக்கிறதென்பதை அவர்களே சொல்லட்டும்.

இதே தத்துவம் அடையாற்றில் உயிர்ப் பிரச்னையாகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் அங்கே நிறுவப்பட்ட புற்றுநோய் ஆஸ்பத்திரியின் வாயிலில் காத்திருக்கும் ஏழைகளுக்குப் பதிப்புரிமை என்றால் என்னவென்று தெரியாது. மருந்தின் விலை தெரியும். ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் என்னும் மருந்துக்கு நோவார்ட்டிஸ் கம்பெனி 1998-இல் சென்னைப் பேடண்டு ஆபீஸில் விண்ணப்பம் போட்டது. 2006-இல் அது நிராகரிக்கப்பட்டது. பழைய மருந்தின் புது வடிவத்துக்கு, குணத்தில் மேம்பாடு இருந்தாலொழிய, தனியுரிமை இல்லை என்று 2005-இல் சேர்க்கப்பட்ட பிரிவையே கம்பெனி எதிர்த்தது. 2007 ஆகஸ்டு 6-இல் சென்னை ஹைகோர்ட்டு அவ்வழக்கைத் தள்ளிற்று. தேனாம்பேட்டையில் இயங்கிய அறிவுச்சொத்து மேல்முறையீட்டு மன்றமும், 2013 ஏப்ரல் 1-இல் சுப்ரீம் கோர்ட்டும் கம்பெனிக்குப் பேடண்டு இல்லை என்றன. மாதம் சுமார் 1,20,000 ரூபாய்க்கு விற்ற மருந்துக்குச் சமமான சுதேச மருந்து சுமார் 8,000 ரூபாய்க்குக் கிடைத்தது.

பேடண்டு உள்ள மருந்துக்கும் வழி இருக்கிறது. பேயர் கம்பெனியின் புற்றுநோய் மருந்து மாதம் 2,80,428 ரூபாயாக இருந்தது. 2012 மார்ச்சில் ஹைதராபாத் நாட்கோ கம்பெனிக்கு 8,800 ரூபாய்க்கு விற்கக் கட்டாய லைசென்ஸு அளிக்கப்பட்டது. பேயருக்கு நூற்றுக்கு ஆறு ராயல்டி. அதைத் தேனாம்பேட்டை மன்றம் 2013-இல் உறுதிசெய்து ஏழாக உயர்த்திற்று. 1911-இல் நூலுக்கு வைத்த பத்துக்கும், 2013-இல் மருந்துக்கு வைத்த ஏழுக்கும் உள்ள உறவை நேயர்கள் காணலாம். கண்டுபிடித்தவனுக்குப் பங்கு உண்டு. கதவை அடைக்கும் அதிகாரம் இல்லை. அம்மன்றம் 2021-இல் கலைக்கப்பட்டு, வழக்குகள் ஹைகோர்ட்டுகளுக்குப் போய்விட்டன.

இடையே ஒன்று. எல்லா அறிவுச்சொத்தையும் ஒரே மூச்சில் கண்டிக்கிறோம் என்று எவரும் கருத வேண்டாம். தியாகராய நகர் உஸ்மான் ரோட்டில் ஒரு கடையின் பெயர் புகழ் பெற்றவுடன், ஓர் எழுத்தை மாற்றி அதே பெயரில் பக்கத்திலேயே மற்றொரு பலகை தொங்குகிறது. அங்கே ஏமாறுகிறவர் திருமணப் புடவை வாங்க வெளியூரிலிருந்து வந்தவர். வியாபாரக் குறி அவரைக் காக்க ஏற்பட்டது. ஆகையால்தான் 1999-ஆம் வருஷத்துச் சட்டம் அதைப் பத்து வருஷத்துக்கொருமுறை புதுப்பித்து, முடிவில்லாமல் வைத்துக்கொள்ள இடங்கொடுக்கிறது. நோக்கம் வேறு, காலமும் வேறு.

பாரதியார் காட்டிய வழியில் தமிழ்நாட்டு சர்க்கார் பல எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமையாக்கி, வாரிசுகளுக்குத் தொகை வழங்கி வந்திருக்கிறது. மயிலாப்பூர்ப் பதிப்பாளரும் தியாகராய நகர்ப் பதிப்பாளரும் அந்நூல்களை மலிவுப் பதிப்பாகப் போடுகிறார்கள். கோட்டூர்புரத்துத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் அவற்றைக் காசின்றிப் படிக்கலாம். இவை போற்றத்தக்கவை. ஆயினும் இக்காரியம் சர்க்கார் உத்தரவுகளால் நடைபெறுகிறதே தவிர, இன்னாருடைய நூல், இன்ன காரணத்தால், இன்ன தொகைக்கு என்று வரையறுக்கும் சட்டத்தால் நடைபெறவில்லை. ஒரு மந்திரிசபைக்கு உகந்தவர் அடுத்த மந்திரிசபைக்கு உகாதவராகலாம். வாரிசுகள் கையேந்தி மனுப்போடும் நிலையும் கௌரவமானதன்று. தேர்ந்தெடுக்கும் முறை, தொகையின் அளவு, வாரிசுகளின் சம்மதம், உரிமை சர்க்கார் கையில் தங்காமல் உடனே பொதுவில் சேர்தல் ஆகிய நான்கையும் அடக்கிய ஒரு மசோதாவைச் சட்டசபையில் கொண்டுவர வேண்டுமென்று சர்க்காரைக் கேட்டுக்கொள்கிறோம். சட்டசபையில் எக்கட்சியைச் சேர்ந்தவராயினும், பாரதியாரின் பெயரைச் சொல்லாமல் பேச்சைத் தொடங்காத அங்கத்தினர்கள் அம்மசோதாவை எதிர்க்கமாட்டார்கள் என்று எதிர்பார்க்கிறோம்.